தவறணை

பீலியில் குளிக்கமாட்டேன் என்றான்.
மாசிக் குளிர் என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் லிந்துலைக்கும் மஹரகமவுக்கும்
பஸ் மாறி மாறி அலைந்து
கடைசி மாத்திரையை விழுங்கிய நாளில்
ஒரு தேங்காய் உடைத்தோம். ஒன்றே ஒன்று,
விலை அப்படி.
கொட்டிய நேர்முடி சுருண்டு முளைத்தது.
பள்ளியில் "கம்பளி" என்று பட்டம்.
அதையும் பெருமையாகத்தான் சொல்வான்.

பதினோரு மாதம்.

கதவைச் சாத்தி உடை மாற்றத் தொடங்கினான்.
ஒன்பது வயது, வெட்கம் வரட்டும் என்று விட்டேன்.
நடை கொஞ்சம் அகன்றிருந்தது;
புதுச் சப்பாத்து என்றான்.

கரண்ட் போன ஒரு ராத்திரி,
இருட்டு தந்த தைரியத்தில் சொன்னான்:
"அம்மா, ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு.
வலிக்கல. அதான் சொல்லல."

வலித்தால் சொல் என்றுதான்
மூன்று வருஷமும் பழக்கியிருந்தோம்.
வலிக்காததையும் சொல் என்று
யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

டொக்டர் சிங்களத்தில் பேச,
பதுளைப் பக்கத்து மிஸ்ஸி தமிழாக்கினாள்.
அந்த ஒரு சொல்லில் தடுமாறினாள்.
லயத்தில் அதற்கு இருக்கும் பெயர்கள் எல்லாம்
சம்பள நாள் இரவில் ஆம்பளைகள் இறைக்கும் வசவுகள்.
கடைசியில் "விதை" என்றாள்,
தரையைப் பார்த்து.

எலும்புக்குள் சுத்தம்.
முதுகுத் தண்ணியும் சுத்தம்.
அங்கே மட்டும் பழைய நோய் ஒளிந்திருந்ததாம்.
ரத்தத்தில் ஏற்றிய மருந்து அங்கே சரியாய்ப் போகாதாம்;
உடம்பே கட்டிய சுவர் ஒன்று உண்டாம்,
நல்லதுக்கென்று கட்டியது.

மறுபடி ஊசி, முதலிலிருந்து.
பிறகு கதிர், இரண்டு பக்கமும், பன்னிரண்டு நாள்.
இப்படிப் பிந்தி, அங்கே மட்டும் வந்தால்
நிறையப் பிள்ளைகள் பிழைக்கிறார்களாம்.
பின்னாளில் பிள்ளை பிறக்காது.
மீசை வர, குரல் உடைய,
அதற்கும் ஊசி தேவைப்படலாம்.

கையெழுத்துக் கேட்டார்கள்.
புருஷனுக்குப் போன் போட்டேன்.
வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை,
பின்னால் கொத்துத் தகட்டின் சத்தம்.
"அப்ப நம்ம பேர் சொல்ல..." என்று தொடங்கினான்.
முடிக்கவில்லை.
மூக்கைச் சிந்தும் சத்தம். பிறகு,
"போட்டுடு."

பேர்.
சொன்ன கிலோ எடுத்தால் தோட்டத்தில் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
மஹரகமவில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம்
செக்ரோலில் எனக்குப் பேரே இல்லை.
வாட்டில் மட்டும் ஒன்று இருந்தது:
"நிலுக்ஷன் அம்மா!" என்று கூப்பிட்டால்
ஓடிப்போவேன்.

கதிர் அறைக்குள் நான் போகக்கூடாது.
கனத்த கதவு, மேலே சிவப்பு லைட்.
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்திருந்தேன்.

முதல் நாள் வெளியே வந்து கேட்டான்:
"சூடே இல்லம்மா.
செஞ்சாங்களா, மறந்துட்டாங்களா?"

ஐந்தாம் நாள் அழுத ஒரு சின்னவனுக்கு
இவனே சொல்லிக்கொடுத்தான்:
"அசையாமப் படு. ஏழாம் வாய்ப்பாடு
முடியறதுக்குள்ள கதவு திறந்துரும்."

ஒன்பதாம் நாள், கன்டீனில்,
பாணும் பருப்பும் நடுவில்:
"எனக்குப் புள்ள பொறக்காதாமே?"
யார் சொன்னார்களோ.
வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு
"ஆமா" என்றேன்.
"சரி. அப்ப உன் பாணைத் தா."
அந்தச் "சரி" என்ன சரி என்று
எனக்கு இன்றும் தெரியாது.

இப்போது என்னைத் தவறணையில் போட்டிருக்கிறார்கள்.
மேல் மலையில் இருப்பது விதைத் தேயிலை,
வெள்ளைக்காரன் காலத்தது.
இங்கே விதை கிடையாது.
ஓர் இலை, ஒரு கணு, கத்தரித்து
பையில் நிரப்பிய மண்ணில் குத்துகிறேன்.
பிடித்துக்கொள்கிறது.

இதை அவனிடம் கதையாக்கிச் சொல்லலாம்.
சொல்லமாட்டேன்.
"நான் என்ன தேயிலக் கன்னா?" என்பான்.

சனிக்கிழமை. தலை மறுபடி மொட்டை.
பீலியடியில் பையன்களோடு நின்று
ஐயோ குளிருது என்று கத்துகிறான்,
சோப்பை மறந்துவிட்டானாம்,
நான்தான் கொண்டுபோக வேண்டுமாம்.