இடுப்பு

முதலில் இடுப்பு என்றார் எலெவுத்தேரியோ.
கூண்டு தூக்கியது, கயிறு இழுத்தது என்று
சுற்றிச் சுற்றி வந்தார்.
நண்டுப் படகில் இருபத்தொரு நாள்.
போர்வைக்குள் பல் தந்தியடித்தது.

மூத்திரம் போகிறதா?
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நேற்று மதியத்தோடு சரி.

நான்கு புறமும் கடல்.
அத்தனை தண்ணீருக்கு நடுவில்
படகின் விளிம்பைப் பிடித்தபடி
ஒரு சொட்டுக்குக் கெஞ்சியிருக்கிறார் மனிதர்.

விரல் வைத்துப் பார்த்தேன்,
பழுத்த கட்டியைத் தொடுவதுபோல.
வீங்கிக் கொதித்தது புராஸ்டேட்.
அமுக்கிப் பிசையக் கூடாது,
கிருமி ரத்தத்துக்குத் தாவிவிடும்.
தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை, ஒரு குழாய்.
பை நிறைய நிறைய
அழுதார், வெட்கமில்லாமல்.

சிறுநீரும் ரத்தமும் சோதனைக்குப் போயின.
ஆய்வகம் இரண்டு நாள் கேட்கும்.
காய்ச்சல் யாரையும் கேட்காது.
அன்றிரவே நரம்பில் மருந்து ஏறியது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது.
கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு
“நோல்வியாவிடம் என்ன சொல்வது?” என்றார்.
உங்கள் குடலிலேயே குடியிருந்ததுதான்,
வழி தவறிப் போயிருக்கிறது.
அப்போதுதான் சிரித்தார்.

குழாய் எடுத்தாயிற்று. நான்கு வார மாத்திரை.
உடம்பு தேறியதென்று நிறுத்திவிடாதீர்கள்.
தலையாட்டினார்.
நண்டுப் பருவம் முடிய
இன்னும் பதினோரு நாள்தான் அவருக்கு.

பிறகொரு மாலை,
புன்த்தா அரேனாஸ் முழுக்கக் கேட்கிற
துறைமுக அலைவரிசையில்
படகுத் தலைவரின் குரல்:
“டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள்,
பதினாறாவது நாள் மாத்திரையும் போட்டாச்சு.
இடுப்புக்குத்தான்.”