இரண்டு தட்டு

கெமியார்வியில் காலை ஆறு பத்து.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே, வண்டி மெழுகிவிட்டுப் போன பனித்தளத்தில்
ஈரம் இன்னும் இறுகவில்லை.
எனக்குத் தொண்டை கட்டிவிட்டது,
சனிக்கிழமை தோற்றதற்குக் கத்திய கத்தல்.
விசில் காரில்.
கார், பேட்டரி செத்து, வீட்டு வாசலில்.

பதினோரு பெண்கள், பதின்மூன்று வயது.
முகக்கம்பிகளுக்குள் கொட்டாவிகள்.
மட்டையால் தளத்தை இரண்டு தட்டு தட்டினேன்.
இன்றைக்கு இதுதான் என் பேச்சு.

முதலில் பாஸ்.
ஆள் நிற்கும் இடத்துக்கு அனுப்பாதே,
வந்து சேரப்போகும் இடத்துக்கு அனுப்பு:
அக்டோபரிலிருந்து சொல்லித் தேய்ந்த வாக்கியம்,
இன்று ஊமை கண்ட கனவு.
கையுறையைக் கழற்றி
பிஹ்லா ஓடிவரும் தடத்தில்
நாலடி முன்னால் எறிந்தேன்.
ஹெல்கா கையுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பக்கை அங்கே அனுப்பினாள்.
பிஹ்லாவும் பக்கும் என் கையுறையும்
ஒரே நொடியில் மோதிக்கொண்டன.
யாரோ சிரித்தார்கள். புரிந்துவிட்டது.

கத்தாமல் இருந்ததில் எனக்கும் ஒன்று கேட்டது.
கெட்ட பாஸ் மட்டையில் பட்டு டக்கென்று தெறிக்கும்.
நல்லதற்குச் சத்தமே இல்லை,
வாங்குகிற மட்டை சற்றே பின்வாங்கி
எறிந்த முட்டையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொள்கிறது.
இத்தனை நாள் என் குரல்
அதையெல்லாம் மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் தனி ஓட்டம்.
நடுக்கோட்டிலிருந்து ஒருத்தி, ஒரு பக்.
எதிரே லெம்பி மட்டும்,
அண்ணனின் பழைய காலட்டைகள் தொடைவரை ஏற,
கோலைவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து
கதவைப்போல் அகன்று நிற்கிறாள்.
ஐந்து பேர் போனார்கள். ஐந்தும் அவளிடமே.
எல்லோரும் குனிந்து பக்கையே பார்த்துப் போகிறார்கள்,
தொலைத்த சாவியைத் தேடுகிறவர்கள் மாதிரி.

ஆறாவது ஹெல்கா.
வேகம் இருக்கிறது, தோள் சரியாக இருக்கிறது,
தலைதான் கவிழ்ந்திருக்கிறது.
பின்னாலேயே சறுக்கிப் போனேன்.
தலையைத் தூக்கு என்று சொல்ல
என்னிடம் இருந்ததெல்லாம் இரண்டு தட்டு.

தட்டினேன்.

அவள் தூக்கவில்லை.
திரும்பியும் பார்க்காமல்
பக்கை எனக்கு விட்டுவிட்டு
இடப்பக்கம் விலகிப்போனாள்.
லெம்பி அவளை நம்பி அந்தப் பக்கமே விழுந்தாள்.
எனக்கு முன்னால் ஒரு பக்.
அதற்கு முன்னால்
ஆளில்லாத கோல்.

வலது முழங்காலில் திருகாணி ஏறி ஆறு வருடம்.
பயிற்சியாளர் கோல் அடிப்பது அழகல்ல.
இதெல்லாம் நினைவுக்கு வந்தபோது
அடித்துவிட்டிருந்தேன்.

கம்பத்தில் பட்டு
ரிங்க் முழுக்க மணிச்சத்தம்.

பதினோரு பேரும் மட்டையால் தளத்தை அறைந்து சிரிக்கிறார்கள்,
லெம்பி மல்லாந்து கிடந்தபடியே.
ஹெல்கா மட்டும் வந்து நின்றாள், மூச்சிரைக்க:
"நீங்கதானே கேட்டீங்க?"

கேட்டேனா?
தலையைத் தூக்கச் சொன்னேன் என்று
எழுதிக்காட்டப் பலகை இருந்தது, பேனா உறைந்திருந்தது.
வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.
என்ன செய்வது, மறுபடி
இரண்டு தட்டு தட்டினேன்.

அவள் இன்னொரு பக்கை எடுத்து,
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அனுப்பினாள்.
நான் நிற்கும் இடத்துக்கு அல்ல.
நாலடி முன்னால்.

ஓட வேண்டியதாயிற்று.