மூணாம் டிவிஷன் மலை

நாலாயிரத்து அறுநூறு மீட்டரில்
மூச்சு கடன் வாங்கும் பொருள்.
பத்தடி நடந்து, குனிந்து,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து
நாலு வருடம் சேர்த்த பணம்
இப்படி வாய் பிளக்கவா?

எலூத்தேரியோ என் மூட்டையையும் தூக்கிக்கொண்டு
டயர் அறுத்துத் தைத்த செருப்போடு முன்னே போனார்.
எங்கள் மரத்துப் பாலாகக்கூட இருக்கலாம், யார் கண்டது.

ஆண்டீஸ் கணவாயில் ஒரு கல்மேடு.
தன் கல்லையும் வைத்தார்.
மூன்று இலையை விசிறிபோல் விரலிடுக்கில் பிடித்து
எதிரே நின்ற பனிமலையைப் பெயர் சொல்லி அழைத்தார்,
பக்கத்து வீட்டுக்காரரிடம் சுகம் விசாரிப்பதுபோல.
ஊதினார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"உங்கள் ஊர் மலைக்குப் பெயர் என்ன?"

சொல்ல வாயெடுத்தேன்.
மூணாம் டிவிஷனுக்குப் பின்னால் இருப்பதால்
மூணாம் டிவிஷன் மலை.
துரை போட்ட எண்ணைக் கிராணி எழுதினார்,
கிராணி எழுதியதை நாங்கள் கூப்பிட்டோம்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தும்
எண் மாறவில்லை.

"பெயர் இல்லை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார்.

பீடோருக்குத் திரும்பி மூன்றாம் ஞாயிறு.
யோகாம்பிகை, லாரி ஓட்டும் தேவேந்திரன், நான்.
நாசி லெமாக் பொட்டலம்,
அட்டைக்கு உப்புத் துணி.
செம்பனை முடியும் இடத்தில்
பெத்தாய்க் கட்டுகளோடு
மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றார் பா ரிசாங்.
செமாய்க்காரர். இருபது வருடமாக
அவரிடம் பெத்தாய் வாங்குகிறோம்.
விலை தவிர எதுவும் கேட்டதில்லை.

கேட்டேன்.
புகையை விலக்குவதுபோலக் கையசைத்தார்.
மேலே போகும்போது சொல்லக்கூடாதாம்.
ஏறிவிட்டு வா.

ஏறினோம். அறுநூறு மீட்டர்கூட இல்லை.
வழுக்கல்.
ரோத்தான் முள் தேவேந்திரனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தி
எங்கே போகிறாய் என்றது.
யோகாவின் கணுக்காலில் ஏழு அட்டை, எண்ணினாள்.
உச்சியில் காட்சி என்று ஒன்றுமில்லை:
மரம், மரத்துக்குப் பின்னால் மரம்,
ஓர் இடைவெளியில் நெடுஞ்சாலையும் ஆலைப் புகையும்.
மூச்சு மட்டும் நிறைய இருந்தது.

இறங்கி வந்ததும்
பெத்தாய் முடிச்சை அவிழ்த்தபடியே
தாழ்ந்த குரலில் ஒருமுறை சொன்னார்.
இரண்டு அசைக்கு நடுவே ஒரு தடை,
எங்கள் நாக்கு தடுக்கி விழும் இடம்.
தேவேந்திரன் சொல்லிப் பார்த்தான், தப்பாக.
மறுபடியும் தப்பாக.
பா ரிசாங் முதல்முறையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் இன்னும் பழகுகிறேன்,
பஸ்ஸில், வாய்க்குள்,
மலை கண்ணில் படாத பக்கம் உட்கார்ந்து.