குட்டிச்சுவர்

ஹ்வாங்ஷிபுவில் பேருந்து நிற்பதில்லை, தயங்கும்.
அந்தத் தயக்கத்தில் குதித்தேன்,
எனக்குப் பின்னால் யாரோ உருட்டிவிட்ட ஒரு வெங்காய மூட்டையும்.

ஒரே தெரு. கரிலாரி போன தடத்தில்
கருப்பாய் உறைந்த சேறு.
காடி மணக்கும் ஒரு கடை,
அதன் படியில் சீட்டாடும் நாலு பேர்.
பெருஞ்சுவர் எங்கே என்றேன்,
கைபேசியை வாயருகே பிடித்து.
நாலு பேரும் நாலு திசை காட்டினார்கள்.
ஒருவரும் பொய் சொல்லவில்லை என்று
இரவில்தான் தெரிந்தது.

லுவான் தெஃபு என்கூட நடந்தார்.
வழிகாட்ட அல்ல, அவர் கழுதையைக் காணோம்.
நேற்று கயிற்றை அறுத்துக்கொண்டதாம்,
வலது காது பாதிதானாம், பெயர் கிடையாதாம்.
பெயரில்லாததை எப்படிக் கூப்பிடுவீர்கள்?
தீவனத் தகரத்தைத் தட்டிக் காட்டினார்.

அறுத்த சோளத்தின் கட்டைகள் காலைக் கீற
ஏறி ஏறி
கடைசியில் சுவர்.
நாட்காட்டியில் மலைமேல் நெளியுமே, அது இல்லை.
உரித்த மண். மழை தின்ற மண்.
ஓரிடத்தில் ஆளுயரம், ஓரிடத்தில் முழங்கால்,
நடுவே பல் கொட்டிய வாயாய்க் காவல்கோபுரம்,
உள்ளே பீர் புட்டிகள்.
மிங் காலத்தது, ஏறாதே என்றது பலகை.
பலகைக்குப் பின்னாலேயே
ஏறித் தேய்ந்த பாதை.

இந்தப் பக்கமும் சோளம், அந்தப் பக்கமும் சோளம்.
எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான் என்று கேட்டேன்.
லுவான் வடக்கே பார்த்தார்.
"அங்கே என் மச்சான் வீடு."
கொஞ்சம் யோசித்து,
"ஆமாம், அந்தத் திசைதான்."

எங்கள் மொழியில் சொல்வார்கள்,
கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.
கைபேசி அதை என்னவாக்கிச் சொன்னதோ,
என்னை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு சுவரின் அந்தப் பக்கம் போய்க்
குனிந்து தேடினார்.
ஒரு விட்டை கிடந்தது. காய்ந்தது.
முகர்ந்து பார்த்து, தன்னுடையது இல்லை என்றார்.

இறங்குவதற்குள் இருட்டு.
ஊரின் கீழ்க்கோடியில், ஹாவ் சியூயுன் வீட்டில்
நாய் விடாமல் குரைக்கிறது.
பின்கட்டில், பன்றிக்கொட்டிலில்
விலாவைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது அரைக்காது.
லுவான் கழுதையைத் திட்டினார்.
சியூயுன் லுவானைத் திட்டினாள்,
ஒரு வரிசை முட்டைக்கோஸ் போயிருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் நான் செங்கல்லைப் பார்த்தேன்.
சாம்பல் நிறம், முழங்கை நீளம்,
இந்த ஊரில் எந்தச் சூளையும் சுடாத கனம்.
எங்கிருந்து என்று கேட்டதற்கு
மோவாயால் மலையைக் காட்டினாள்.
"மாமனார் இறக்கியது. கழுதைமேல், நடைக்கு எட்டு.
எல்லாரும் இறக்கினார்கள்.
பள்ளிக்கூடம், கிணற்று மேடை,
சீட்டாடுகிறார்களே அந்தக் கடைப்படி..."
இப்போது தொட்டால் அபராதம் என்றும் சொன்னாள்,
திருப்பிக் கேட்டால் பன்றிகளை எங்கே கட்டுவது என்றும்.

கொட்டிலின் மூலையில் ஒரு கல்லில்
யாரோ ஈரமாய் இருந்தபோது அழுத்திய கட்டைவிரல்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
அவன் விரல் சின்னது.

ஓட்ஸ் மாவுச் சுருள்களை ஆவி பறக்க வைத்தாள்.
வாசலில், இந்த முறை இரண்டு கயிற்றில், கழுதை.
லுவான் சாப்பாட்டை நிறுத்தி
என் கைபேசியை வாங்கி ஏதோ கேட்டார்.
திரையில் தமிழ் வந்தது:
பன்றி கெட்டால் எங்கே?

அதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்றேன்.
நம்பவில்லை அவர்.