ஆயிரத்து எழுநூற்று எண்பது

காந்தம் ஒட்டவில்லை. அது பெரிய சாட்சியில்லை,
ஈயமும் ஒட்டாது.
தராசு இருபத்தெட்டுக் கிராம் காட்டியது,
கூட ஒரு பொட்டு.
கஸ்தூரியார் வீதியில் மினிபஸ்ஸின் ஹோர்ன் ஓயும்வரை பொறுத்து
விரல்நுனியில் நிறுத்திப் பேனையால் தட்டினேன்.
நீளமாய் ஒலித்தது.

எமில்டா நம்பவில்லை. மீன்பையைத் துழாவி
குருநகர் ஐஸ்துண்டு ஒன்றை அதன்மேல் வைத்தாள்.
இரண்டுபேரும் குனிந்து பார்த்திருக்க
முக்காடு போட்ட சீமாட்டியின் மார்பில்
அது அவசரமாய்க் கரைந்தது.

வெள்ளிதான் என்றேன்,
நூற்றுக்கு எண்பத்துமூன்று.

மஸ்கற்றில் கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதில்
வீட்டுக்காரி உள்ளங்கையில் பொத்தித் தந்ததாம்.
இருநூறு வருசத்துச் சாமான் என்றாளாம்.

அதைச் சொல்லத்தான் தயங்கினேன்.
இந்த அம்மா செத்த ஆண்டு அது.
பிறகும் அடித்தார்கள், போன நூற்றாண்டிலும் அடித்தார்கள்,
எல்லாவற்றிலும் அதே எண்பது.

"அப்ப கள்ளக்காசோ?"
"இல்லைப் பிள்ளை. வெள்ளி உண்மை. வருசம் மட்டும்..."

சிரித்தாள்.
"எனக்கு அப்ப பதினேழு. ஏஜென்சிக்காரன்
பாஸ்போட்டில இருபத்திமூண்டு எண்டு அடிச்சவன்.
தேய்ச்சுக் கழுவினது நான்தானே."

நான் சொன்ன விலை
அவளின் ஏழு நாள் கூலிக்கும் காணாது.
மிச்ச நாட்களை எந்த உரைகல்லில் உரைக்கிறது?
விற்கிறியோ என்று கேட்டேன்.

மீன் பழுதாப்போகும் எண்டு எழும்பினாள்,
சீமாட்டியைப் பாரைமீனின் செவுளடியில்
ஐஸுக்குள் செருகிக்கொண்டு.