மருந்துக் கணக்கு

கடையில் வாங்கினால் தோட்டா ஒன்று முப்பத்தொரு காசு,
நானே அடைத்தால் பத்தொன்பது, என்கிறான் ஆரின்.
மின்கட்டணக் கடிதத்தின் முதுகில்
அவன் பென்சில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது.
யந்திரம் வாங்கிய காசைச் சேர்த்தாயா என்று
நான் கேட்பதில்லை.
மாதம் நூறு சுட்டவன்
இப்போது முந்நூறு சுடுகிறான் என்பதையும்.

ஓரோஃபினோவில் பனி இன்னும் விடவில்லை.
சுடுதிடலில் மற்றவர்கள் நடையைக் கட்டிய பின்
இவன் முட்டி போட்டுப் பனியைக் கிளறுவான்.
காப்பி டப்பா நிறையப் பித்தளைக் கூடுகள்.
இரவெல்லாம் அவை
வாதுமை ஓட்டுத் தூளில் உருளும் சத்தம்,
கீழே யாரோ மழையைச் சலிக்கிற மாதிரி.
காலையில் தங்கமாய் மின்னும்.
தங்கமாகவே இருந்து தொலைத்தால்தான் என்ன.

நேற்று பாதியில் போன் வந்தது.
அறுவை ஆலையிலிருந்து.
இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை.
சரி என்றான். சரி, சரி என்றான்.
திரும்பி வந்து மிச்சத்தை அடைத்தான்.
ஐம்பதும் பெட்டியில் வரிசையாய் நின்ற பிறகு
படியேறி வந்து கேட்டான்:
எல்லாத்திலும் மருந்து போட்டேனா?

நான் ஃபிரிட்ஜைத் திறந்து
என் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்திருந்தேன்.
டாக்டர் எழுதியது பதினெட்டு.
பத்து நாளாய் நான் ஏற்றுவது பன்னிரண்டு.
எனக்கெப்படித் தெரியும், என்றேன்.

மருந்தில்லாத ஒன்று போதும்.
ஈயம் குழலின் நடுவில் நின்றுவிடும்,
அடுத்தது பின்னால் வந்து முட்டும்.
ஹேலியின் அண்ணனுக்கு அப்படித்தான்
இரண்டு விரல்.
நிறுத்துப் பார்த்தான். கூட்டுக்குக் கூடு எடை வேறு,
தராசு ஒன்றும் சொல்லவில்லை.
ஒவ்வொன்றாய்ச் சுத்தியலில் மாட்டி
கட்டைமேல் அடித்தான்.
மாடியில் என் தம்ளர் அதிர்ந்தது.
எண்ணினேன், எங்கோ விட்டேன், மறுபடி எண்ணினேன்.
ஒரு மணிக்குக் கீழே இறங்கினேன்.
கடைசி ஒன்று பாக்கி.
அதிலும் மருந்து இருந்தது.

ஐம்பதிலும் இருந்தது.
ஐம்பதும் திறந்து கிடந்தன.

அவன் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
முதல் கூட்டை எடுத்து நிமிர்த்தினான்.
நான் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஒன்று, என்றேன்.
ஊற்றினான்.
சரியாய் அளந்தாயா, என்றேன்.

அளந்தேன்.
கண்ணைத் தராசிலிருந்து எடுக்காமலே,
நீ? என்றான்.