சோடியம்தான் முதலில் தப்பும்

மணி ரெண்டே கால்.
மணலிக்கு மேலே ஃப்ளேர் எரிகிறது,
அணைக்க மறந்த அடுப்பு மாதிரி.
நான் மீட்டரைப் பார்க்கிறேன்.
எட்டு. எட்டு. எட்டு.
ஒன்பது.

இன்று என் ஷிப்ட் இல்லை.
திருமலைவாசன் மகளுக்குக் காதுகுத்து.
என் ராத்திரியை அவனுக்குக் கொடுத்தேன்,
ஞாயிற்றுக்கிழமைப் பகலை அவன் தருவான்.

இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும்.
வியாசர்பாடியில் வாய் கொப்பளித்தது.
ஓட்டேரியில் மீன் அலசியது.
பேசின் பிரிட்ஜ் பக்கம் யாரோ
அழுது முடித்து முகம் கழுவியது.
கொடுங்கையூரில் ஒன்றாகி, நாற்றம் விட்டு,
நிறம் விட்டு, குழாயேறி வருகிறது.
உப்பை மட்டும் விட முடியவில்லை அதற்கு.

தொட்டிக்குள் ரெசின்.
கடுகைவிடச் சின்னது, தேன் நிறம்,
அள்ளினால் மீன் சினைபோல வழுக்கும்.
போன மாதம் ஆடிட்டர் வந்து
"ஓ, ஃபில்டரா?" என்றார்.
சல்லடை இல்லை சார், சந்தை என்றேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு கால்சியம் வாங்கினால்
ரெண்டு ஹைட்ரஜன் கொடுக்கணும்.
சோடியத்துக்கு ஒன்று.
சில்லறை சரியாக இருக்கும், கடன் கிடையாது.
அடுத்த தொட்டியில் வேறு கடை:
குளோரைடு, சல்பேட்,
எல்லோருக்கும் பின்னால் சோம்பலாக சிலிக்கா,
கரைந்துபோன மணல்.
மணலிக்கு வந்து மணல் பிடிக்கிற வேலை.
அங்கே கொடுத்த பாதியும்
இங்கே கொடுத்த பாதியும் சந்தித்து
தண்ணீராகிவிடும்.
உப்பு உட்கார்ந்திருந்த இடத்திலெல்லாம்
கொஞ்சம் தண்ணீர்.
பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்,
இன்னும் முழுசாக நம்பவில்லை.

பதினொன்று.
பதினான்கு.

மாலிப்டேட் விட்டுக் குலுக்கினேன்.
நீலம் ஏறவில்லை, மணல் இல்லை.
பி.ஹெச். ஏறுகிறது.
அப்படியானால் சோடியம்.

படுகை களைத்தால் முதலில் தப்புவது அதுதான்.
கால்சியம் ரெண்டு கையாலும் பிடித்திருக்கும்.
சோடியத்துக்கு ஒரே கை.
பின்னால் வருகிறவன் தோளால் இடிக்க
கழன்று கீழே போய்விடும்.
என் தம்பி ரூபன் எண்ணூரை விட்டது இப்படித்தான்.
போ என்று யாரும் சொல்லவில்லை.
முதலில் ஆற்றில் சாம்பல் வந்தது,
அப்புறம் இறால் வரவில்லை,
அப்புறம் வலை யாரிடமோ இருந்தது.
இப்போது ஷார்ஜாவில் ஏதோ பாய்லர் ஓரமாக
அவனும் ஒரு மீட்டர் பார்க்கிறானாம்.

பி லைனைத் திறந்து ஏ லைனை மூடினேன்.
முகமூடி, கையுறை, பூட்ஸ்.
பேக்வாஷில் படுகை பொங்குகிறது,
பார்வைக் கண்ணாடியில் தேன்நிறச் சூறாவளி.
பிறகு ஆசிட், மெதுவாக.
வாங்கியதையெல்லாம் கக்கு என்கிறது.
ரெசின் கக்குகிறது.
வியாசர்பாடி, ஓட்டேரி, அந்த முகம் கழுவிய உப்பு,
கூடவே நாங்கள் ஊற்றியதும்.
வந்ததைவிட அதிகமாகவே போகிறது குழிக்கு.
அங்கே காஸ்டிக்கோடு கைகுலுக்கி ஏழில் நிற்கும்.
குழியிலிருந்து எங்கே?
லாக் புக்கில் அதற்கு ஒரு கட்டம் உண்டு.
"ஓகே" என்று எழுதுவோம்.
நானும் எழுதினேன்.

முன்பு ஒருமுறை, தாகத்தில்,
பாய்லருக்குப் போகிற தண்ணீரை ஒரு வாய் குடித்தேன்.
ருசி இல்லை. ருசியின் இடமும் இல்லை.
நாக்கிடமிருந்து எதையோ
கேட்காமல் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு எர்ணாவூர்.
லாரி இன்னும் வரவில்லை,
குடங்கள் வரிசையில் நிற்கின்றன,
எங்கள் பச்சைக் குடம் பதினேழாவது.
போர் தண்ணீரில்தான் காபி.
கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு ஓடு,
நகத்தால் சுரண்டினால் பொறை பொறையாக வருகிறது,
ரெண்டு கையாலும் பிடித்த கால்சியம்.

போன் அதிர்கிறது. திருமலைவாசன்.
"ஞாயிறு முடியாது போல,
அடுத்த வாரம் பாத்துக்கலாமா?"

நுனிநகத்தில் உப்போடு
என்ன பதில் போடுவதென்று யோசிக்கிறேன்.